வசனம் தன் இடத்தை விட்டுக் கழலும்போது: உபதேச விலகல் எப்படி நடக்கிறது, எப்படிச் சோதிப்பது

டிசம்பர் 31 இரவு ராயபுரத்திலிருந்து வியாசர்பாடி, பெரம்பூர் வரை ஒவ்வொரு தெருவிலும் ஆண்டு இறுதி ஆராதனை நடக்கும். நள்ளிரவு தாண்டியதும் புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். விடிந்தால் கைப்பேசியில் செய்திகள் குவியும். ஒரு ஊழியர் இது இரட்டிப்பு ஆசீர்வாதத்தின் வருஷம் என்பார், இன்னொருவர் நியாயத்தீர்ப்பின் வருஷம் என்பார். இருவருமே வசனம் காட்டுவார்கள். ஒரே வீட்டில் பாட்டி சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மகன் பெந்தெகொஸ்தே, மருமகள் லுத்தரன் என்று இருக்கிற வட சென்னைக் குடும்பத்தில் எதை நம்புவது என்ற கேள்வி சாப்பாட்டு நேரத்திலேயே வந்துவிடுகிறது.

"ஜனங்கள் விசுவாசத்தை விட்டு விலகிப்போகிறார்கள்" என்ற புலம்பலும் இதே நேரத்தில் எல்லா மேடைகளிலும் கேட்கிறது. விலகல் என்றால் என்ன, அது எந்த வழியாக உள்ளே வருகிறது, ஒரு விசுவாசி தன் கையிலுள்ள வேதாகமத்தைக் கொண்டே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

விலகல் என்ற சொல்

எபிரெயர் 2:1 இப்படிச் சொல்கிறது: "ஆகையால், நாம் கேட்டவைகளை விட்டு விலகாதபடிக்கு, அவைகளை மிகுந்த ஜாக்கிரதையாய்க் கவனிக்கவேண்டும்." கிரேக்க மூலத்தில் இங்குள்ள சொல் தண்ணீரில் நழுவிப் போவதைக் குறிக்கும். காசிமேட்டில் படகு கட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கயிறு நெகிழ்ந்த படகை யாரும் தள்ள வேண்டாம், அது தானே நகரும். உள்ளே படுத்திருப்பவருக்கு நகர்வது தெரியாது, கரையிலுள்ள ஒரு அடையாளத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதே நிருபம் 6:19-இல் நங்கூரத்தைப் பற்றிப் பேசுவதும் இந்தப் பொருத்தத்தில்தான்.

நான்கு வெவ்வேறு நிலைகளை நாம் "விலகல்" என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

1. பின்மாற்றம். நம்பிக்கை மாறவில்லை, நடை தளர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், வீட்டுக் கஷ்டம், சபையில் ஏற்பட்ட மனக்கசப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவருக்குத் தேவை யாராவது வீடு தேடிப் போவது.

2. உபதேச விலகல். இவர் எந்தக் கூட்டத்தையும் தவறவிடுவதில்லை, காணிக்கை தவறுவதில்லை, உபவாசமும் இருக்கிறார். ஆனால் அவர் நம்புகிற செய்தி மெல்ல வேறொன்றாகிவிட்டது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியது. வெளியே தெரியாது என்பதால் இதுவே அதிக ஆபத்தானது.

3. மறுதலிப்பு. "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லி வெளியேறுவது.

4. கருத்து வேறுபாடு. இதை விலகல் என்று எண்ணக் கூடாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, முழுக்கு மட்டும்தானா, நகை அணியலாமா என்பவை இந்த வகை. சிஎஸ்ஐ வீட்டுப் பெண் பெந்தெகொஸ்தே வீட்டுக்கு மருமகளாகப் போகும்போது கம்மலைக் கழற்றுவது பற்றி எழும் சண்டையை எத்தனையோ குடும்பங்கள் அறியும். 1 பேதுரு 3:3 புறம்பான அலங்காரத்தைப் பற்றிப் பேசுவது உண்மை. அது கம்மலைத் தடை செய்கிறதா, உள்ளத்தின் அலங்காரத்தை முதலில் வைக்கச் சொல்கிறதா என்பதில் உண்மையுள்ள விசுவாசிகள் வேறுபடலாம். அப்படி வேறுபடுகிறவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு ரோமர் 14-ஆம் அதிகாரம் முழுவதும் இருக்கிறது. நகையைக் காரணம் காட்டி இன்னொரு சபையாரை இரட்சிக்கப்படாதவர் என்று தீர்ப்பதே ஒரு விலகல்தான்.

விலகக் கூடாத மையம் எது என்பதைப் பவுல் 1 கொரிந்தியர் 15:3-4-இல் சுருக்கிச் சொல்கிறார்: கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். இயேசு பிதாவினால் படைக்கப்பட்டவரே என்று ஆரியஸ் என்ற குரு போதித்தபோது அதை எதிர்த்து 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் விசுவாசப் பிரமாணத்தை வகுத்தது. 381-இல் கொன்ஸ்தந்திநோபிளில் அது விரிவடைந்தது. திருவிருந்து ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா பிரமாணம் அதுதான். வாய் பழகிவிட்டதால் வேகமாக ஓட்டிவிடுகிறோம். ஆனால் "ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல" என்ற கருத்துள்ள அந்த வரிக்காக ஒரு தலைமுறையே போராடியிருக்கிறது.

வசனம் எப்படித் தனியே கழன்றது

வேதாகமத்தை எழுதியவர்கள் வசன எண் போடவில்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்டியென் என்ற அச்சகர் போட்டார். இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் தெருப்பலகை போன்றவை இந்த எண்கள். ஆனால் எண் வந்த பிறகு வசனத்தைத் தனியே கழற்றி எடுப்பது எளிதாகிவிட்டது. வசனப் பெட்டி, காலண்டர், அட்டை, கைப்பேசி ஸ்டேட்டஸ் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வசனம் தன் அதிகாரத்திலிருந்து இன்னும் தூரம் போனது.

அட்டையில் அச்சிட்ட வசனம் பொய்யல்ல. யார், யாருக்கு, எப்போது சொன்னது என்ற மூன்றும் அட்டையில் இல்லை, அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தில் கேட்கிறவரின் ஆசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேதத்தை மறுக்கிற போதனை நம் வீடுகளுக்குள் அவ்வளவு சுலபமாக நுழையாது. வேதத்தையே மேற்கோள் காட்டுகிற போதனைக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது.

எரேமியா 29:11: முழுதாக வாசித்தால்

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருவது இந்த வசனம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கொடுப்பேன் என்றும், தம் நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்றும் கர்த்தர் சொல்கிறார். இந்த வருஷம் வேலை கிடைக்கும், வீடு கட்டுவோம், கல்யாணம் நடக்கும் என்று வாசிக்கிறவர் எடுத்துக்கொள்கிறார்.

இது ஒரு கடிதத்தின் நடுவரி. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும் ஜனங்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். எருசலேமில் இருந்த எரேமியா அந்தச் சிறையிருப்பாருக்கு எழுதிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் ஆலயப் பணிமுட்டுகளும் (பாத்திரங்களும்) சிறைப்பட்ட ஜனங்களும் திரும்பி வரும் என்று கர்த்தருடைய நாமத்தில் அறிவிக்கிறான். பாபிலோனுக்கு அடங்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறான். அங்கே நின்றிருந்தால் நாமும் கை தட்டியிருப்போம். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா சொன்னார். அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அனனியா இறந்தான்.

இதற்கு அடுத்ததாகத்தான் 29-ஆம் அதிகாரம் வருகிறது. அதில் 5-ஆம் வசனம் பாபிலோனிலேயே வீடு கட்டிக் குடியிருக்கவும் தோட்டம் போடவும் சொல்கிறது. 8-ஆம் வசனம் நடுவிலிருக்கும் தீர்க்கதரிசிகளும் குறிகாரரும் மோசம்போக்க விடாதிருக்கச் சொல்கிறது. 10-ஆம் வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதன் பிறகுதான் நம் அட்டை வசனம்.

கடிதம் கிடைத்த அன்று நாற்பது வயதாயிருந்தவர் திரும்பி வரப்போவதில்லை. அவருக்கும் இது வாக்குத்தத்தம்தான். அவர் பாபிலோனில் மண்ணுக்குள் போனாலும் தேவன் தம் ஜனத்தைக் கைவிடவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த ஆறுதல். "இந்த வருஷமே நடக்கும்" என்ற அவசரப் போதனையை எதிர்த்து எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரியைக் கத்தரித்து, அதே அவசரப் போதனைக்கு ஆதாரமாக நாம் அச்சடிக்கிறோம். முழுதாக வாசித்தால் வசனத்தின் பலம் குறைவதில்லை. எண்ணூரில் ஒப்பந்த வேலை போய் இரண்டு வருஷமாக வீட்டில் இருப்பவருக்கு, அட்டை சொல்வதைவிட அந்த அதிகாரம் அதிகம் சொல்லும்.

இதே போலக் கழற்றப்படும் வேறு வசனங்கள்

1. பிலிப்பியர் 4:13, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". பரீட்சைக்கும் வியாபாரத்துக்கும் சொல்லப்படுகிறது. முந்தின இரண்டு வசனங்களில் பவுல் தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். அதை எழுதியபோது அவர் காவலில் இருந்தார்.

2. 3 யோவான் 2, "எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்". விசுவாசித்தால் பணமும் சுகமும் நிச்சயம் என்கிற செழிப்பு உபதேசத்தின் தூண் இது. காயு என்பவருக்கு எழுதிய கடிதத்தின் நல விசாரிப்பு வரி. நாமும் கடிதத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதியவர்கள்தான். ஒரு வாழ்த்தை எல்லாருக்குமான உடன்படிக்கையாக மாற்ற முடியாது.

3. சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்". போதகரைக் கேள்வி கேட்காதே என்பதற்காக இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சங்கீதத்தில் பேசப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. தேசம் தேசமாய் அலைந்த அந்தச் சிறு குடும்பத்தை ராஜாக்கள் கையிலிருந்து காப்பாற்றச் சொன்ன வார்த்தை அது. பவுலோ பேதுருவையே எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்று புகழ்கிறது.

4. மல்கியா 3:10, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு). இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

தமிழ் வேதாகமத்தில் கவனிக்க வேண்டியது

வட சென்னைக்கும் தமிழ் வேதாகமத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1761-இல் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரியில் ஊழியம் செய்த ஃபப்ரிசியஸ் ஐயரிடம் வந்தது. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் வெளியானது. பிறகு பவர் ஐயர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் முடித்த மொழிபெயர்ப்பே இன்று புரொட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும் வாசிக்கும் பரிசுத்த வேதாகமம். கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வந்தது.

இரண்டையும் ஒப்பிட்டு வாசிப்பது நல்ல பழக்கம். ஒரு கண்ணி மட்டும் உண்டு. 1 கொரிந்தியர் 13:13-இல் பழைய மொழிபெயர்ப்பு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. திருவிவிலியத்தில் அது "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அதாவது ஒன்றில் இரண்டாவதாக இருக்கும் சொல் மற்றதில் முதலாவதைக் குறிக்கிறது. கைப்பேசிச் செயலியில் "நம்பிக்கை" என்று தேடி, வருகிற வசனங்களையெல்லாம் கோத்து ஒரு செய்தி தயாரித்தால் இரண்டு வேறு பொருள்கள் கலந்துவிடும். ஒத்தவாக்கியம் (ஒரே சொல் வரும் வேறு வசனங்கள்) பார்க்கும்போது சொல் ஒத்திருப்பது போதாது, பேசப்படும் விஷயமும் ஒத்திருக்க வேண்டும்.

விளைவுகள்: உடம்பும் பணமும்

உபதேசம் பிசகினால் அது மேடையோடு நிற்பதில்லை. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" (ஏசாயா 53:5) என்ற வசனத்தைக் காட்டி, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்லும் கூட்டங்கள் உண்டு. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். சில வாரங்களில் இருமல் குறையும், உடம்பு தேறும். அந்த நேரத்தில் "சுகம் கிடைத்துவிட்டது" என்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறக்கூடும். வீட்டிலிருப்பவர்களுக்கும் அதே கிருமி பரவும். இன்சுலினை நிறுத்தினால் நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். தேவன் சுகமாக்குகிறவர் என்று நம்புவதற்கும் மருந்தை நிறுத்துவதற்கும் வேதத்தில் முடிச்சு கிடையாது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் பவுல் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தன் மாம்சத்திலிருந்த "முள்" என்று அவர் சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டியும் "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. இவர்களில் யாரையும் விசுவாசம் குறைந்தவர் என்று வேதம் சொல்லவில்லை. சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்வதற்கு முன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒரு பரிசோதனை செய்து பார்ப்பது தேவனைச் சந்தேகிப்பதாகாது. இயேசுவே குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார்.

பணத்துக்கு வருவோம். மல்கியா பேசியது ஆலயப் பண்டசாலைக்கு வரவேண்டிய தானியத்தைப் பற்றி. அந்தத் தசமபாகம் எதற்கு என்று உபாகமம் 14:28-29 சொல்கிறது: மூன்றாம் வருஷத்தில் லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்கு. தசமபாகத்தை வலியுறுத்துகிற சபை, அதைப் பெறவேண்டிய விதவையின் பெயர் தன் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய ஏற்பாட்டின் அளவுகோல் 2 கொரிந்தியர் 9:7-இல் இருக்கிறது: "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல". கந்துவட்டிக்குக் கடன் வாங்கிக் காணிக்கையாக "விதைக்க" வைப்பது இந்த வரியோடு நேராக மோதுகிறது.

கணக்கு விஷயத்தில் நோக்கம் நல்லதாக இருப்பது போதாது. வேதத்தைத் தமிழில் தந்த ஃபப்ரிசியஸே, பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்து, அது திரும்பாமல், முதுமையில் கடனுக்காகச் சிறையிருந்தார். பவுல் எருசலேம் காணிக்கையைக் கொண்டுபோனபோது தனியே போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் கூட வைத்துக்கொண்டார். "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:19-21).

பழைய சபைகளின் விலகல்

புதிய கூட்டங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நூறு வருஷக் கட்டடத்துக்குள் நிம்மதியாக உட்கார முடியாது. பேதுருவைப் பவுல் கண்டித்தது எதற்காக? யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகி உட்கார்ந்தார். அதைப் பவுல் "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" நடவாதது என்றார். அப்படியானால் பந்தியில் பிரிவது ஒரு உபதேச விலகல். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்தார்கள். இன்று திருவிருந்தில் ஒரே பாத்திரம். ஆனால் வரன் விளம்பரத்திலும், சில ஊர்களின் கல்லறைத் தோட்டத்திலும், சபைத் தேர்தல் அணிகளிலும் அதே வேற்றுமை இருக்கிறது. நிசேயா பிரமாணத்தைப் பிழையில்லாமல் சொல்லிவிட்டு இதைச் செய்கிறவர், தான் விலகவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு செய்தியைச் சோதிக்கும் முறை

அரை மணி நேரம், ஒரு நோட்டு, அச்சு வேதாகமம் போதும். கைப்பேசித் திரையில் ஒரு வசனம் மட்டும் தெரியும், பக்கத்தில் முன்னும் பின்னும் கண்ணில் படும்.

1. பிரசங்கத்தில் சொன்ன வசன எண்களை எழுதுங்கள். ஒரு மணி நேரச் செய்தியில் ஒரு எண்கூடத் தேறவில்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

2. அந்த அதிகாரத்தையும் முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். யார் பேசுகிறார், யாருக்கு, என்ன நெருக்கடியில் என்று மூன்று வரி எழுதுங்கள்.

3. அது கட்டளையா, வாக்குத்தத்தமா, வாழ்த்தா, நடந்ததைச் சொல்லும் சரித்திரமா என்று குறியுங்கள். கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்த்தான் என்பது சரித்திரம், நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளை இல்லை.

4. சிலுவைக்கு முன் இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கைக்குள் வருவதா என்று பாருங்கள். வந்தால், புதிய ஏற்பாடு அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தேடுங்கள்.

5. தீர்க்கதரிசனம் என்றால் இரண்டு சோதனைகள். சொன்னது நடக்கவில்லை என்றால் கர்த்தர் சொல்லவில்லை (உபாகமம் 18:22). நடந்தாலும், அது வேறு தேவர்களிடம் இழுத்தால் கேட்கக் கூடாது (உபாகமம் 13:1-3). இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பலித்துவிட்டது என்பதே சான்றாகிவிடுகிறது. சொன்ன தேதியோடு நோட்டில் எழுதி, டிசம்பரில் எடுத்துப் பாருங்கள்.

6. கடைசியாக என்ன கேட்கப்படுகிறது? உடனே பணம், வீட்டாரிடம் சொல்லாதே, மருந்தை நிறுத்து, கேள்வி கேட்டால் சாபம் என்று இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்தி, முதல் படிக்குத் திரும்புங்கள்.

வழக்கமாகச் சறுக்குவது மூன்றாம் படியில். நமக்குப் பிடித்த வசனம் எல்லாமே வாக்குத்தத்தமாகவும், பிடிக்காதது எல்லாமே அந்தக் காலத்துக் கட்டளையாகவும் தெரியும். அதனால் தனியாகச் செய்யாமல் இரண்டு மூன்று பேராகச் செய்யுங்கள். "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று 1 கொரிந்தியர் 14:29 பன்மையில்தான் சொல்கிறது.

எவ்வளவு வாசிப்பது

66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். பலர் ஜனவரியில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் புதிய ஏற்பாட்டிலிருந்து தொடங்கலாம்: 260 அதிகாரங்கள், வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரம். விட்டுப்போனதைச் சனிக்கிழமை சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு ஜெபத்தில் சிறு நிருபங்களை ஒரே இருப்பில் சத்தமாக வாசிப்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சிபாரிசு செய்வேன். பிலிப்பியர் நான்கே அதிகாரம், கால் மணி நேரம் சற்று அதிகமாகலாம். எழுத்து வாசிக்க வராத அம்மாக்களுக்கும் அன்று முழுக் கடிதமும் காதில் விழும்.

கேள்வி எழுந்தால் முதலில் சொந்தப் போதகரிடம் தனியாகக் கேளுங்கள். "ஐயா, நீங்கள் சொன்ன வசனத்துக்கு முந்தின வசனத்தையும் சேர்த்து எனக்கு விளக்குவீர்களா?" என்று வேதத்தைத் திறந்து வைத்துக் கேட்டால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரம் படித்துவிட்டு வருகிறேன் என்கிற போதகர் கிடைத்தால் அவரோடு இருங்கள்.